சந்தை ரோட்டில் பிடிபட்டவள்

19ஆம் நூற்றாண்டுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைபட்ட பெண்களைப் பற்றி மேற்கில் நாவல் மேல் நாவலாக வந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்துப் பெண்ணின் கதையை எழுத உட்கார்ந்தால் பேனா எங்கே முட்டுகிறது?

வெள்ளிக்கிழமை என்றால் குந்தாரப்பள்ளிக்கு இருட்டிலேயே விடிந்துவிடும். ஆடு ஏற்றி வந்த வண்டிகள் கூட்டு ரோட்டிலிருந்தே வரிசை கட்டி நிற்கும். ஒன்றில் கர்நாடகப் பதிவெண், அடுத்ததில் ஆந்திரா. செம்மறியின் முதுகை அழுத்திப் பார்க்கிறவர் ஒருவர், வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறவர் ஒருவர், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர் ஒருவர். பேரம் தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் சூடாகி, தமிழில் படியும். நோட்டை எண்ணும்போது உருதுவும் காதில் விழும். நாலையும் ஒரே ஆள் பேசுவார் என்பதுதான் இந்தப் பக்கத்து விசேஷம்.

அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று புடவை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கிழிந்த துணிகள். டீக்கடைக்காரர் பன்னும் டீயும் கொடுத்துவிட்டு, “எந்த ஊரும்மா?” என்றார். பதில் இல்லை. “ஏ ஊரம்மா?” என்று தெலுங்கில் கேட்டார். “யாவ ஊரம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார். உருதுவையும் முயன்று பார்த்தார். அந்த அம்மா பன்னைப் பிய்த்துப் பாதியை நாய்க்குப் போட்டார். “லாரிக்காரன் எவனோ எறக்கி விட்டுட்டுப் போயிருக்கான் சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது.

இந்த ஊருக்கு ஒரு விசித்திரமான இருப்பிடம் வாய்த்திருக்கிறது. இங்கிருந்து மேற்கே போகிற ரோடு சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருக்குள் ஓசூர் ரோடு என்ற பெயரிலேயே நுழைந்து நிமான்ஸ் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. 80 கிலோமீட்டர்வாக்கில் இருக்கும். கிழக்கே போனால் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாக 260 கிலோமீட்டரில் சென்னை, கீழ்ப்பாக்கம். தென்னிந்தியாவின் பெயர்பெற்ற இரண்டு மனநோய் மருத்துவமனைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஒரு ஆட்டுச்சந்தை. சென்னைக்காரர்கள் ஒருவரைக் கிண்டல் செய்ய “கீழ்ப்பாக்கம் கேஸு” என்பார்கள். எங்கள் பக்கத்தில் “நிமான்ஸுக்கு இட்டுனு போ” என்பார்கள். பெயர்தான் வேறு, இளக்காரம் ஒன்றே.

அந்த அம்மாவைப் பார்த்த வாரத்தில் நான் ஒரு பிரெஞ்சு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். விக்தோரியா மாஸ் 2019இல் எழுதியது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அடைபட்ட பெண்களைப் பற்றியது. 1880களில் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை நோயாளிப் பெண்களுக்கு வேஷம் போட்டு நடன விருந்து நடக்கும். ஊர்ப் பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். கதை அதைச் சுற்றி ஓடுகிறது. ஷார்கோ என்ற பிரபல டாக்டர் அங்கேதான் இசிப்பு (ஹிஸ்டீரியா) நோய்க்காரப் பெண்களை மேடையேற்றி, மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முன்னால் மயக்கி, விறைக்க வைத்து, பாடம் நடத்தினார். அவர் காலத்தில் திரும்பத் திரும்பப் புகைப்படம் எடுக்கப்பட்ட இளம்பெண் ஒகுஸ்தீன். 1880இல் ஆண் உடை போட்டுக்கொண்டு தப்பி ஓடியவள். நாவலாசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டுமா?

இந்த வகை நாவல்களுக்கு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. வில்கி காலின்ஸ் 1859இல் தொடராக எழுத ஆரம்பித்த கதையில், ஒரு பணக்காரப் பெண்ணை வேறொருத்தியின் பெயரில் ஆஸ்பத்திரிக்குள் தள்ளிவிடுவார்கள். சாரா வாட்டர்ஸ் 2002இல் அதே சூழ்ச்சியை எடுத்துத் தலைகீழாக்கினார். நிஜ வாழ்க்கையும் சளைத்ததில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கணவன் கேட்டால் போதும், மனைவியை ஆதாரம் இல்லாமலே அடைக்கலாம் என்று சட்டம் இருந்தது. எலிசபெத் பேக்கார்ட் என்ற பாதிரியார் மனைவி, மதத்தில் கணவனோடு கருத்து மாறுபட்டார் என்பதற்காக 1860இல் உள்ளே போனார், மூன்று வருஷம் இருந்தார். 1864இல் வழக்கு நடந்தபோது அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று சொல்ல ஜூரிகளுக்கு 7 நிமிஷம் போதுமானதாக இருந்தது.

படிக்கப் படிக்க ஒரு அச்சு புலப்படுகிறது. நாயகிக்குப் படிப்பு உண்டு, புத்தி தெளிவு உண்டு. வில்லன் கணவன் அல்லது அப்பா. அவனுக்குத் துணை ஒரு டாக்டர். காரணம் சொத்து அல்லது கௌரவம். உள்ளே ஒரு நல்ல நர்ஸ் கிடைப்பாள், கடைசியில் சுவர் தாண்டிக் குதிப்பாள். சரி, இதே அச்சில் நம் ஊர்ப் பெண்ணை ஊற்றி ஒரு கதை எழுதலாமே என்று உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், 1870கள். இரண்டு பக்கம் கூட நகரவில்லை. இங்கே அந்தக் கதை நடக்கவில்லை என்பதுதான் காரணம்.

அலைந்து திரிந்தால் குற்றம்

இங்கே நடந்தது என்ன என்பதற்கு முதல் சாட்சி ஒரு சட்டம். 1857 கலகம் அடங்கி, கம்பெனி போய் ராணியாட்சி வந்த அதே 1858இல் 36ஆம் எண் சட்டம் வந்தது. பித்தர் விடுதிகளுக்கான சட்டம். அதில் போலீஸுக்குச் சொன்ன முதல் கடமை, தன் எல்லைக்குள் அலைந்து திரிகிற, புத்தி பேதலித்தவர் என்று கருதப்படுகிற எவரையும் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது. ஆபத்தானவர் என்று நம்பப்படுகிறவரையும் அப்படியே. மாஜிஸ்திரேட் ஒரு மருத்துவ அதிகாரியை வைத்துப் பார்ப்பார். சான்றிதழ் கிடைத்தால் விடுதிக்கு அனுப்ப உத்தரவு போடுவார்.

கவனித்தீர்களா, இந்தக் கதையில் கணவனே இல்லை. அங்கே பெண்ணை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப் போனார்கள் என்றால், இங்கே ரோட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். வில்லன் என்று கை நீட்ட ஒரு ஜமீன்தாரோ மாமியாரோ அகப்படமாட்டார். ஒரு கான்ஸ்டபிள், ஒரு தலையாரி, ஒரு பாரம். அவ்வளவுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்படிப்பட்ட விடுதிகளில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். இந்தியாவில் தலைகீழ், ஆண்கள்தான் பெரும் பகுதி, பெண்கள் சிறு பகுதி. நம் பெண்களுக்கு மனநோய் குறைவாக வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் வீட்டில் இருந்தார்கள். பின்கட்டு அறையில், மாட்டுக் கொட்டகையில், கோயில் மண்டபத்தில், தர்காவின் நிழலில். பேய் பிடித்தது என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், சிலரைக் கட்டியும் போட்டார்கள். அரசாங்கத்தின் பதிவேட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பின்கட்டு அறைகூட இல்லாதவர்கள். கதவு மூடி அடைக்கப்பட்டவளைப் பற்றியே மேற்கத்திய நாவல் பேசுகிறது. மூடுவதற்கு ஒரு கதவும் இல்லாதவள் நம் நாயகி.

கானொலியின் வீடு

மெட்ராஸில் இந்த வியாபாரம் சட்டத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. வியாபாரம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 1794இல் வாலண்டைன் கானொலி என்ற கம்பெனி சர்ஜன், புத்தி பேதலித்தவர்களை வைத்துக்கொள்ள ஒரு விடுதி ஆரம்பித்தார். கம்பெனியிடம் அதற்கு வாடகையும் வாங்கினார். (இங்கிலாந்தின் ஹான்வெல்லில் 1839இல் சங்கிலிகளைக் கழற்றிப் பேர் வாங்கிய ஜான் கானொலி வேறு ஆள். பெயர் ஒற்றுமையில் நானும் கொஞ்ச நாள் ஏமாந்திருந்தேன்.) பிறகு அது கை மாறி டால்டன் என்பவரிடம் வந்து அவர் பெயரால் அழைக்கப்பட்டது. இடம் போதாமல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற 66 ஏக்கர் சொச்சம் நிலத்தில் புதிய விடுதி கட்டி 1871இல் திறந்தார்கள். அன்று 145 நோயாளிகள். அதே காலத்தில் விசாகப்பட்டினத்திலும் கள்ளிக்கோட்டையிலும் மாகாணத்தின் மற்ற இரண்டு விடுதிகள் வந்தன.

பெங்களூரில் 1840களின் கடைசியில் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற டாக்டரின் முயற்சியில் பேட்டைப் பகுதியில் ஒரு விடுதி தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முப்பதுகளில் அது ஓசூர் ரோட்டுக்கு இடம் மாறி, 1954இல் அகில இந்திய மனநல நிறுவனத்தோடு சேர்ந்து, 1974இல் நிமான்ஸ் ஆனது. மனசுக்குள் இந்த இரண்டு ஊர்களையும் வைத்துக்கொண்டு குந்தாரப்பள்ளியில் நின்று பாருங்கள். பெங்களூர் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது மைசூர் சீமை. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792இலேயே திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்து, பிறகு சேலம் ஜில்லாவாகிவிட்டது. ஆகவே கிருஷ்ணகிரி தாலுகாவில் பிடிபட்ட பெண் போகவேண்டிய இடம் மெட்ராஸ். எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பைத்தியமும்.

அவள்

இனி நான் சொல்லப்போவது கற்பனை. இவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் இவளைச் சுற்றி இருக்கிற எதுவும் கற்பனையில்லை. பெயரும் வைக்கப்போவதில்லை. வைத்துப் பார்த்தேன், வைத்ததும் அவள் எனக்கு அடங்கிப் போய்விட்டாள். அதனால் எடுத்துவிட்டேன்.

வருஷம் 1877. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவைச் சுடுகாடாக்கிய பஞ்சம். சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம். இடையில் காணாமல் போனவர்களில் செத்தவர் எத்தனை, ஊரை விட்டுப் போனவர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ரோட்டில் இருந்தவர்களும் இருந்தார்கள். ராகி பொய்த்தது. மாடுகள் செத்தன. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய துரை வந்து, நிவாரண வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அளவு போட்டுவிட்டுப் போனார். பெண்ணுக்கு அதிலும் குறைவு.

அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. இறந்துவிட்டது. புருஷன் மலைநாட்டுத் தோட்டத்துக்கோ மைசூர்ச் சீமைக்கோ வேலை தேடிப் போனவன் திரும்பவில்லை. வீட்டில் களி கிண்ட மாவு இல்லை. கிண்டுகோலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒருநாள் நடக்க ஆரம்பித்தாள். ஏன் கிண்டுகோல் என்று என்னைக் கேட்காதீர்கள். பானையைத் தூக்கினால் கனம், இது கனமில்லை. ரோட்டில் போகிறவர்களிடம், குழந்தை சந்தையில் காணாமல் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது செத்ததை அவள் மறுக்கவில்லை. செத்ததும் உண்மை, காணாமல் போனதும் உண்மை என்பது அவள் கணக்கு.

அந்த வருஷம் ரோட்டில் அலைகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து நிவாரண முகாமுக்குத் தள்ளுவதும் போலீஸ் வேலையாக இருந்தது. பசித்து அலைகிறவள் முகாமுக்கு, பித்துப் பிடித்து அலைகிறவள் விடுதிக்கு. எது எது என்று தரம் பிரிக்கிறவர் ஒரு கான்ஸ்டபிள். அவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்திருக்காது. என் கதையில் அவர் கெட்டவர் இல்லை. அவள் கையில் இருந்த கிண்டுகோலைப் பார்த்தார். ஆயுதம் என்று எழுதினார்.

இங்கேதான் என் பேனா முதல் தடவை முட்டியது. சட்டத்தின் பின்னிணைப்பில் டாக்டர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பகுதி. புத்தி பேதலிப்புக்கு நானே கண்ட அடையாளங்கள் என்று ஒன்று. பிறர் எனக்குச் சொன்ன அடையாளங்கள் என்று மற்றொன்று. அவள் தானே சொன்னது என்று மூன்றாவது பகுதி கிடையாது. சரி, அவள் பேச்சை டாக்டர் முதல் பகுதியில் எழுதலாம்தானே? எழுதலாம். எந்த மொழியில் கேட்டு? அவள் குந்தாரப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மணியக்காரரிடம் தமிழ். மூன்றும் ஒரே மூச்சில் வரும். சந்தையில் அது சாமர்த்தியம். ஒரு மொழி மட்டும் தெரிந்த அதிகாரியின் மேஜை முன்னால் அது உளறல்.

இது நான் சும்மா ஊகித்தது என்று நினைக்க வேண்டாம், வேறு ஊரில் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. 1887இல் நியூயார்க்கில் நெல்லி பிளை என்ற இளம் நிருபர், பைத்தியம் போல் நடித்து பிளாக்வெல் தீவு விடுதிக்குள் போய் 10 நாள் இருந்து எழுதினார். குளிர்ந்த தண்ணீர்க் குளியலும் அழுகிய ரொட்டியும் ஊரையே உலுக்கின. எனக்கு மறக்காமல் நிற்பது இன்னொன்று. ஜெர்மன் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெண்ணை, மொழிபெயர்க்க ஆள் வைக்காமலே பரிசோதித்து உள்ளே அனுப்பியதை அவர் பார்த்தார். தான் ஏன் இங்கே இருக்கிறோம் என்று கேட்கக்கூட அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. நியூயார்க்கிலேயே அந்தக் கதி.

கிருஷ்ணகிரிக்கு அப்போது ரயில் கிடையாது. ஜோலார்பேட்டை வரை மாட்டு வண்டி. அங்கே ரயில். ரயிலைப் பார்த்ததும் அவள் சிரித்தாள் என்று எழுதினேன், அடித்தேன். பயந்தாள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில், கூட வந்த காவலரிடம் இது எந்தச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டாள் என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம் முன்புதான் திறந்திருந்த சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, கீழ்ப்பாக்கம்.

உள்ளே

அந்தக் கால விடுதிகளின் ஆண்டறிக்கைகள் அச்சில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டுகிறவருக்குக் கிடைப்பது பட்டியல்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள். மதம், வயது, தொழில். சாவுக்குக் காரணம்: வயிற்றுப்போக்கு, சீதபேதி, காசம், உடல் தேய்வு. தலையில் வந்த நோய் இருக்க, வயிற்றில் வந்தது ஆளைக் கொன்றது. உள்ளே இருந்தவர்களிடம் வேலையும் வாங்கினார்கள். ஆண்களுக்குத் தோட்டம், தறி. பெண்களுக்கு அரைப்பது, குத்துவது, நூற்பது. வேலை மனசுக்கு மருந்து என்பது டாக்டர்கள் கட்சி. அது பொய்யில்லை. அந்த மருந்தால் விடுதிக்கு எவ்வளவு வரும்படி என்பதும் அறிக்கைகளில் கணக்காக ஏறியதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ராகி அரைத்தே வளர்ந்த கை அவளுடையது. அவளை உட்கார வைத்தால் அரைப்பாள். ‘அமைதியாக இருக்கிறாள், வேலை செய்கிறாள்’ என்று குறிப்பு ஏறும்.

நோய்க்குக் காரணம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் கஞ்சா அடிக்கடி வரும். சோகம், பயம், காய்ச்சல், வறுமையும் வரும். ‘தெரியவில்லை’ என்பதும் தாராளமாக வரும். 1893-94இல் கஞ்சா விசாரணைக் கமிஷன் என்று ஒன்று உட்கார்ந்து இந்த விடுதிக் கணக்குகளைக் கிளறிப் பார்த்தது. காரணம் என்ற கட்டத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் போலீஸ்காரர் அனுப்பிய தாளிலிருந்து அப்படியே இறங்கியவை, யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை என்று அது கண்டது. மேலே இருந்த அதிகாரிகளே தங்கள் பதிவேட்டை நம்ப முடியாது என்று அச்சில் ஒப்புக்கொண்டார்கள். வரலாற்றுப் புனைவு எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

ஆனால் இங்கேதான் பெரிய சபலம் ஒன்று காத்திருக்கிறது. பதிவேடு பொய் என்றால், அவள் தெளிவாகத்தான் இருந்தாள், அநியாயமாக அடைத்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாம். வாசகர் கண் கலங்குவார். மேற்கத்திய நாவல்கள் பலவும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. அநியாயமாக அடைபட்டவள் நாயகி. பக்கத்துக் கட்டிலில் நிஜமாகவே குரல்கள் கேட்டுக்கொண்டு, சுவரோடு பேசிக்கொண்டு இருப்பவள் பின்னணி அலங்காரம். புத்தி தெளிந்தவளுக்கு மட்டும்தான் நியாயம் உண்டு என்றால், கலங்கிப் போனவளுக்கு என்ன உண்டு? மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய நாவலில் இந்த விஷயத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. கனடாவில் கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலும், 1852-53இல் கொஞ்ச காலம் பித்தர் விடுதியிலும் இருந்த கிரேஸ் மார்க்ஸ் என்ற வேலைக்காரப் பெண்ணின் கதை அது. அவள் கொலை செய்தாளா, பைத்தியமா, நடிப்பா என்று அட்வுட் கடைசி வரை தீர்த்துச் சொல்வதில்லை. அவள் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வையை மட்டும் தையல் தையலாகக் காட்டுவார்.

என்னுடையவளும் அப்படித்தான். அவளுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். ராத்திரியில் அவளுக்குக் குழந்தையின் குரல் கேட்கும். கீழ்ப்பாக்கத்தில் அவளுக்கு இரண்டு வேளைச் சோறு கிடைத்தது. 1877இல் அவள் ஊரில் அது கிடைத்திருக்காது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிடைக்காதது, அவள் சொல்வதைக் கேட்டு “அப்புறம்?” என்று கேட்க ஒரு ஆள்.

வெளியே வர வழி இருந்ததா? இருந்தது. விடுதியைப் பார்வையிடுகிறவர்கள் மூன்று பேர் சேர்ந்து விடுவிக்கலாம். இல்லையென்றால் உறவினர் யாராவது வந்து, நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தீங்கு வராது என்று மாஜிஸ்திரேட்டுக்கு உறுதி எழுதிக் கொடுத்து அழைத்துப் போகலாம். சட்டத்தில் இது நல்ல பிரிவுதான். ஆனால் குந்தாரப்பள்ளியிலிருந்து மெட்ராஸுக்கு யார் வருவார்? பஞ்சத்தில் மிஞ்சிய அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவள் உயிரோடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டவர் அதை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதினார் என்று நானே பல விதமாக எழுதிப் பார்த்தேன். குந்தாரப்பள்ளி, குருபரப்பள்ளி, குந்தாணி என்று அக்கம்பக்கத்தில் எத்தனையோ ஊர். தபாலில் அந்தக் கடிதம் போய்ச் சேராது.

இதே கட்டடத்தில் வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தனி இடம், தனிச் சாப்பாடு. வசதியும் தகுதியும் இருந்தால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் அப்படிப்பட்டவர்களுக்காகவே லண்டனுக்குப் பக்கத்தில் ஹாக்னியில் 1818 முதல் பெம்புரோக் ஹவுஸ் என்ற விடுதி நடந்தது. 1870இல் அது ஈலிங்குக்கு மாறி 1892 வரை ஓடியது. கடல் தாண்டி ஆயிரக்கணக்கான மைல் அனுப்ப முடிந்தது. ஜோலார்பேட்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்து மாட்டு வண்டி வைத்துவிட முடியவில்லை.

அதே வார்த்தை

கீழ்ப்பாக்கம் விடுதி 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1961இல் அதற்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் எம்.சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். பெங்களூரில் பயிற்சி பெற்றவர். அந்த ஓசூர் ரோட்டில்தான். 1978 வரை பொறுப்பில் இருந்துவிட்டு, 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் கண்ட ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் கிடைக்காமல் சென்னையில் பான்யன் அமைப்பை ஆரம்பித்தார்கள். மனநோயோடு வீடற்றுத் திரியும் பெண்களுக்கான தங்குமிடம். அங்கே வந்தவர்கள் பல மாநிலத்துக்காரர்கள். குணமாகும்போது முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவர்கள் எந்த மொழிக்காரர் என்பதை. அடுத்தது ஊர்.

சட்டமும் மாறியது. 1912, 1987, கடைசியாக 2017. இப்போதைய சட்டத்தின் 100ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். 1858இல் போலீஸ் கடமையைச் சொன்ன பிரிவில் இருந்த ‘அலைந்து திரிகிற’ என்ற அதே சொற்றொடர் 159 வருஷம் கழித்தும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. அன்று பிடி என்றது. இன்று பாதுகாப்பில் எடு என்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. சின்ன மாற்றமில்லை. அவளுக்கு அன்று இது இருந்திருந்தால் அந்த அண்ணனுக்குத் தகவல் போயிருக்கும்.

இப்போது குந்தாரப்பள்ளியைச் சுற்றி மாந்தோப்புகளுக்கு நடுவே தொழிற்சாலைகள் முளைத்துவிட்டன. காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் கூட்டு ரோட்டில் வரிசையாக நிற்கின்றன. ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சந்தையில் நாலு மொழி இருந்த இடத்தில் இப்போது ஏழெட்டு. வடக்கேயிருந்து வரும் லாரிகள் ராத்திரி முழுக்க இந்த ரோட்டில்தான் போகின்றன.

கதையை முடிக்க முடியாமல் வைத்திருந்த நாட்களில் இன்னொரு வெள்ளிக்கிழமை அந்த டீக்கடைக்குப் போனேன். சந்தை கலைந்துகொண்டிருந்தது. விலை போகாத இரண்டு ஆடுகளை ஒரு பெரியவர் ஓட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்டேன்.

“போலீஸ்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க சார். ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னாங்க. நல்லபடியாத்தான் கூட்டிட்டுப் போனாங்க.”

“ஏதாவது பேசினாங்களா?”

“வண்டியில ஏறும்போது ஒரு வார்த்த சொல்லுச்சு. திரும்பத் திரும்ப அதையே சொல்லுச்சு. ஊர்ப் பேரா, புள்ள பேரா தெரியல.”

“என்ன வார்த்தை?”

அவர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று யோசித்தார். வாயைக் குவித்து ஒரு ஒலியை எடுத்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், வேறு மாதிரி எடுத்துப் பார்த்தார்.

“எழுதி வெச்சிருக்கலாமே அண்ணே.”

“எந்த எழுத்துல சார் எழுதறது?”